கொழும்பில் சைக்கிளும் மாசி சேராத சம்பலும்

வடக்கில் வளர்ந்தவர்களுக்குக் கொழும்பு பெரும்பாலும் அலுவலுக்கான ஊர். கடவுச்சீட்டு, தூதரகம், வைத்தியப் பரிசோதனை, விமான நிலையம் என்று ஏதாவது ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் வந்து இறங்குவோம். வேலை முடிந்ததும் அடுத்த இரவே திரும்பி ஏறிவிடுவோம். நானும் அப்படி வந்து போனவர்களில் ஒருத்தி. வெள்ளவத்தையின் சில ஒழுங்கைகளுக்கு அப்பால் இந்த நகரத்தில் எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்று எனக்குத் தெரியாது. இம்முறை கோப்பு எதுவும் இல்லாமல், நகரத்தைப் பார்ப்பதற்கென்றே போனேன். சைக்கிளில் சுற்றுவதென்றும், சாப்பாட்டை வழியிலேயே தேடிக்கொள்வதென்றும் தீர்மானித்திருந்தேன். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விட்டுவிட்ட வீகன் நான் என்பதால், இந்த இரண்டாவது தீர்மானம் முதலாவதைவிடப் பலருக்கு விசித்திரமாகத் தெரிந்தது. கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: கொழும்பில் அது சரிவராது.

சரிவந்தது, ஆனால் நேரம் பார்த்துப் புறப்பட வேண்டும். கொழும்பில் வீதி சைக்கிளுக்கு இடம் விடும் நேரமும், என்னைப் போன்றவர்களுக்கு ஏற்ற உணவு தெருவில் ஆவி பறக்கக் கிடைக்கும் நேரமும் பெருமளவு ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. விடியற்காலை ஐந்தரை மணியிலிருந்து ஏழரை வரை ஒன்று, பொழுது சாய்ந்து அலுவலக வாகனங்கள் வடிந்த பிறகு இன்னொன்று. இடைப்பட்ட வெயில் நேரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு எங்காவது நிழலில் இருப்பதே புத்தி. ஆகவே பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடாமல், எந்த நேரத்தில் எங்கே இருப்பது என்பதை மட்டும் முதல் நாளிரவு ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

சைக்கிள் மச்சானுடையது. 2022ஆம் ஆண்டு நாட்டில் எரிபொருள் தீர்ந்து, பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டு, ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்ட காலத்தில், கொழும்பில் சைக்கிளுக்கு ஏற்பட்ட கிராக்கியில் விலையைப் பார்க்காமல் அவர் வாங்கிய லுமாலா அது. பிறகு எரிபொருளை அளந்து கொடுக்கும் கியூ.ஆர். குறியீடு வந்தது, வரிசை குறைந்தது, சைக்கிள் அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில் தூணோடு சங்கிலியிடப்பட்டு நின்றுவிட்டது. கியர் இல்லாத, முன்னால் கூடை வைத்த, இருக்கைக்கு ரெக்ஸின் உறை போட்ட சாதாரண வண்டி. தோல் இருக்கை இல்லை என்பதில் எனக்கொரு தனிப்பட்ட திருப்தி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு அந்த 2022 ஒரு பழைய பாடத்தின் மறுபதிப்பு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காத குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியில்தான் ஓடியது. நோயாளியும் விறகும் மணப்பெண்ணும் அதில்தான் போனார்கள். கொழும்பு அந்த அனுபவத்தைச் சில மாதங்கள் மட்டும் ருசி பார்த்துவிட்டு மறந்துவிட்டது. அதே நெருக்கடியில் பால்மாவும் கடைகளிலிருந்து மறைந்தது. பால் தேநீர் விற்காத தேநீர்க் கடைகளைக் கொழும்பு கண்டது. சைக்கிளும் வெறுந்தேநீருமாக ஒரு நகரமே சிறிது காலம் என்னைப் போல வாழ்ந்திருக்கிறது என்று மச்சானிடம் சொன்னபோது, அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் தங்கியிருந்த வீட்டில் மாமிக்கு என் சாப்பாடு பெரிய பிரச்சினையாக இருந்தது. மீன் இல்லாத சமையல் அவருக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாக் காலமும் கந்தசஷ்டியும் அந்த வீட்டில் சட்டி மாறும் நாட்கள்தான். ஆனால் அவருடைய சைவத்தில் பாலும் மோரும் நெய்யும் புனிதமானவை. "பாலும் இல்லையோ பிள்ளை? மோரும் இல்லையோ? பிறகு கோயிலிலை தாற பஞ்சாமிர்தத்தை என்ன செய்யிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மோதகமும் அவித்த கடலையும் கொடுத்தால் வாங்குவேன், மற்றதைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றேன். "அப்ப சரி, சாமி கோவிக்காது" என்றவர், காலையில் சிவப்பரிசிமா இடியப்பமும் சம்பலும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்த பிறகுதான் கவனித்தார், அதில் நான் விலக்க வேண்டியது எதுவுமே இல்லை என்பதை. எங்கள் சமையலில் தேங்காய் ஏற்கனவே பாலின் வேலையைப் பெரும்பாலும் செய்து முடித்திருக்கிறது. புட்டு, இடியப்பம், சொதி, பால்கறி, பலாக்காய்க் கறி என்று எண்ணிக்கொண்டு போனால் வீகன் என்று தனியாக ஒரு சமையல் புத்தகம் தேவைப்படாது.

வெள்ளவத்தையிலிருந்து வடக்கே போக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று காலி வீதி. மற்றது கடலோரமாகப் புகையிரதத் தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் மரைன் டிரைவ். விடியற்காலையில் இரண்டாவதைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கற்பாறைகளில் மோதும் கடல், வலப்பக்கம் ஒன்றையொன்று முந்தி உயர்ந்துகொண்டிருக்கும் அடுக்குமாடிகள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நடைபாதையை விட்டு வீதியில் இறங்கி இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடப்பார்கள். மணியடித்தால் திரும்பிப் பார்த்து, சைக்கிள்தானே என்று மறுபடியும் பேச்சைத் தொடர்வார்கள். பம்பலப்பிட்டியைத் தாண்டிக் கொள்ளுப்பிட்டி வரை ஏற்றம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. உப்புக் காற்று எதிரே அடித்தால் மட்டும் கால் சற்று உழைக்க வேண்டும். அந்தக் காற்று சங்கிலியை ஒரே வாரத்தில் துருப்பிடிக்க வைக்கக்கூடியது என்பதால், மச்சானின் வண்டிக்கு எண்ணெய் போடுவது என் தினசரி வேலையாகிவிட்டது.

அந்த வழியின் முடிவில் காலிமுகத்திடல். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அதைப் பேணும்படி தனக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் நினைவுக்கல் ஒன்று அங்கே இருக்கிறது. 2022இல் அதே திடல் ஓர் அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பிய போராட்டத்தின் களமாகவும் இருந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே பெண்களும் குழந்தைகளும் இல்லை, போராட்டத்தின் அடையாளமும் இல்லை. காகங்களும், பட்டம் விற்பவர் முதல் நாள் மூடிக் கட்டிவிட்டுப் போன வண்டியும், ஓடுபவர்கள் சிலரும் மட்டும்.

அங்கிருந்து உள்ளே திரும்பி விகாரமகாதேவிப் பூங்காப் பக்கம் வந்தால் இலைக்கஞ்சி கிடைக்கும். சிங்களவர்கள் கொலகந்த என்று சொல்லும் இதை, வல்லாரை, பொன்னாங்காணி, முடக்கொத்தான் போன்ற ஏதாவது ஒரு மூலிகையின் சாற்றைச் சிவப்பரிசிக் கஞ்சியிலும் தேங்காய்ப்பாலிலும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். பச்சை நிறத்தில் கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பையும், கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டும் தருவார்கள். உப்பும் பசுமையும் கலந்த அந்தச் சுவை முதல் வாயில் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வியர்த்துப் போன உடம்புக்கு நீரும் உப்பும் மாச்சத்தும் ஒரே கோப்பையில் சேர்ந்து கிடைப்பதால், சைக்கிளோட்டிக்கு இதைவிடப் பொருத்தமான காலை உணவை எந்தக் குளிரூட்டிய கடையும் எனக்குத் தரவில்லை. ஏழரைக்குப் பிறகு பானை காலியாகிவிடும்.

இனி மாசி. கொழும்பில் வீகன் ஒருவருக்கு உண்மையான சிக்கல் இறைச்சியோ பாலோ அல்ல. அவை கண்ணுக்குத் தெரியும், கேட்டால் விலகிவிடும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல் இறுகும் வரை வெயிலில் காயவைத்து மாலைதீவு முறையில் செய்வது மாசிக்கருவாடு. அதை இடித்துத் தூளாக்கி ஒரு சிட்டிகை போட்டாலே கறியின் சுவை தடித்துவிடும் என்பதால், தென்னிலங்கைச் சமையலில் அது உப்பைப் போலக் கணக்கில் வராத பொருளாகிவிட்டது. சீனிச்சம்பலில் இருக்கும், அப்பத்துக்குத் தரும் கட்டைச்சம்பலில் இருக்கும், தேங்காய்ச்சம்பலிலும் வல்லாரைச் சம்பலிலும் மல்லும் எனப்படும் கீரைச் சுண்டலிலும் சில கடைகளில் பருப்புக் கறியிலும்கூட இருக்கும். மரக்கறிச் சாப்பாடு என்று எழுதிய பலகையின் கீழேயே இருக்கும். கடைக்காரர் யாரையும் ஏமாற்றுவதில்லை. மாசியை அவர் மீனாக எண்ணுவதில்லை, அவ்வளவுதான். ஆகவே "இது மரக்கறியா?" என்று கேட்பதில் பயனில்லை. "உம்பலகட தாலாத?", அதாவது மாசி போட்டிருக்கிறதா என்று சிங்களத்தில் நேராகக் கேட்டுவிட வேண்டும். என் உச்சரிப்பைக் கேட்டு எதிரே நின்றவர் தமிழுக்கு மாறிவிடுவது வழக்கமாக நடந்தது. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேள்வியைத் தொடங்குவதற்கு முன்பே மாறிவிடுவார்கள்.

மாசியின் மூலத்தையும் ஒரு காலை பார்த்தேன். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வியாபாரத்துக்குரியவை. நான்காம் குறுக்குத் தெருப் பக்கம் வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு, சீனி மூட்டைகள் லொறியிலிருந்து இறங்கும். கபோஸ் ஒழுங்கையில் ஆயுர்வேத மூலிகைகள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கட்டி நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. கருவாட்டுக் கடைகளின் வாசல்களில் மாசித் துண்டுகள் விறகுபோல அடுக்கிக் கிடந்தன. மணத்தைத் தவிர்க்க முடியாது. தவிர்க்க நினைப்பவர்கள் அந்தத் தெருவுக்குப் போகாமல் இருக்கலாம்.

புறக்கோட்டையில் சைக்கிள் ஓட்டுவதென்றால் பாதி நேரம் அதை உருட்டுவதுதான். ஆனால் அங்கே சைக்கிளை யாரும் அந்நியமாகப் பார்ப்பதில்லை. பாரம் ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு, வாயால் ஒலியெழுப்பி வழி கேட்டபடி ஓடும் நாட்டாமிகள்தான் அந்தத் தெருக்களின் உண்மையான போக்குவரத்து அதிகாரிகள். அவர்களுக்கு வழிவிட்டால் மற்றவர்கள் நமக்கு வழிவிடுவார்கள். கடை வாசலில் வண்டியை நிறுத்தினால், "அக்கா, கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி வையுங்கோ, லொறி வரும்" என்று ஒரு பையன் தானே தூக்கி வைத்துவிடுவான். கறுவாத்தோட்டத்திலும் கொள்ளுப்பிட்டியிலும் உள்ள பளபளப்பான கட்டடங்களில் இந்தச் சலுகை கிடையாது. காருக்கு மூன்று தளங்களில் தரிப்பிடம் கட்டியவர்கள் சைக்கிளுக்கு ஒரு கம்பியைக்கூட நட்டு வைக்கவில்லை. அங்கே எனக்கு உதவியவர்கள் வாசல் காவலாளிகள்தான். அவர்களில் பலர் தாங்களே சைக்கிளில் வேலைக்கு வருபவர்கள். தங்கள் வண்டி நிற்கும் பின்புறச் சந்தை எனக்கும் காட்டிவிடுவார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இருக்கின்றன; ஆடிவேல் விழாவில் இங்கிருந்து புறப்படும் வேல்தான் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி வரை போகிறது. அந்தப் பாதையில் திரும்பிப் போவதென்று நானும் ஒருநாள் பம்பலப்பிட்டி வரை மிதித்தேன். தேர் போகும் வேகத்தில் போனால் மட்டுமே அது அழகான பாதை. சுற்றுவட்டாரச் சைவக்கடைகளில் சோறு, பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, ரசம், அப்பளம் என்று சாப்பாடு வரும். இங்கே மாசிப் பயம் இல்லை; நெய்யும் தயிரும்தான் கவனிக்க வேண்டியவை. பருப்பின் மேல் நெய் ஊற்ற வருபவரைக் கையால் தடுத்து, மோர் வேண்டாமென்று முன்னரே சொல்லிவிட்டால் போதும். தோசைக் கல்லில் எதைத் தடவுகிறார்கள் என்று கேட்டால் எரிச்சலடைவார்கள் என்று எதிர்பார்த்தேன். விரதக்காரர்களின் கேள்விகளுக்குப் பழகிய அந்தப் பரிமாறுபவர்களோ, விரதத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நல்லெண்ணெய் போட்டுத் தந்தார்கள். பெயர் சொல்ல முடியாத விரதம் என்றேன்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை மட்டும் தவறவிடக்கூடாது. பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லில் எழுப்பிய கோயில் அது. நடுப்பகலில் உள்ளே நுழைந்தால் வெளியிலுள்ள வெயில் வேறு ஊரில் அடிப்பது போலிருக்கும். 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையும் நண்பகலுக்கு ஏற்ற இடம். கோட்டையின் பழைய கட்டடங்களை நான் அதிகம் பார்க்கவில்லை. கேமராவோடு வருபவர்களுக்கு அவை பிடிக்கலாம்.

பகல் போக்குவரத்தைப் பற்றி மென்மையாக எழுத எனக்கு விருப்பமில்லை. காலி வீதியில் பயணிக்காகப் போட்டி போடும் பஸ்கள், தரிப்பிடம் கண்டதும் முன்னறிவிப்பின்றி இடப்பக்கம் வெட்டும். சைக்கிள் இருப்பதோ அதே இடப்பக்க ஓரத்தில். அதற்குப் பின்னால் ஓட்டோ, அதற்குப் பின்னால் உணவுப் பொதியோடு பறக்கும் மோட்டார் சைக்கிள். நிற்கும் பஸ்ஸை இடப்பக்கமாக முந்தவே கூடாது, இறங்குபவர் நேராக நம் மீது இறங்குவார். வடிகால் மூடிகளின் இரும்புச் சட்டங்கள் சில இடங்களில் சக்கரம் போகும் திசையிலேயே நீளமாக இருக்கின்றன. மெல்லிய டயர் போட்டவர்கள் கண்ணை அங்கேயே வைத்திருக்க வேண்டும். கொழும்பு தட்டையான நகரம், தூரங்களும் சிறியவை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர்தான். இவ்வளவு வசதியான நிலத்தில் சைக்கிளுக்கென ஒழுங்கான பாதை வலையமைப்பு இல்லாதது நிலத்தின் குற்றமல்ல. பெற்றோல் இல்லாத மாதங்களில் எல்லோரும் மிதித்தபோதே வீதியோரத்தில் ஒரு கோடு கீறியிருக்கலாம்.

போயா தினம் வந்தால் அதை நழுவவிடாதீர்கள். பௌர்ணமி விடுமுறையில் அலுவலகங்கள் இல்லை, மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும், வீதிகள் காலை பத்து மணி வரை மூச்சுவிடும். அப்படியொரு நாளில் மச்சானின் மகனும் நானும் கிருலப்பனை, நுகேகொடை வழியாகக் கோட்டே பக்கம் போனோம். 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதன்முதலாகப் பெற்ற நகரங்களில் கொழும்பும் ஒன்று. கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது ஏன் என்று விளங்காது. தியவன்னா ஓயாவின் கரையிலும் பெத்தகானை ஈரநிலப் பூங்காவிலும் நின்றால் விளங்கும். சைக்கிள்களை வாசலில் பூட்டிவிட்டு உள்ளே நடந்தோம். பலகைப் பாதைக்குக் கீழே கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு ஒன்று எங்களைக் கணக்கில் எடுக்காமல் நீந்திப் போனது, நாணல்களுக்குள் நீலத்தாழைக்கோழிகள். மழைவெள்ளத்தை நகரத்துக்குள் ஏறவிடாமல் உள்வாங்கி வைப்பவை இந்தச் சதுப்புகள்தான். அவற்றை மண்ணிட்டு நிரப்பிய இடங்களில் வெள்ளம் வீட்டுக்குள் வருவதைக் கொழும்பு பலமுறை கண்டிருக்கிறது.

திரும்பும் வழியில் செவ்விளநீர் குடித்தோம். குடித்த பின் கோம்பையைப் பிளந்து வழுக்கையும் கேட்கலாம்; தெருவோரம் கிடைக்கும் வீகன் உணவில் விசாரணையே தேவைப்படாதது இதுதான். அவித்த கடலையும், மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய அன்னாசியும் மாங்காயும் அதே வகை. பேக்கரிப் பலகாரங்களில் முட்டையும் மாஜரீனும் எங்கே சேர்கின்றன என்று பையனோடு நின்று விசாரிப்பது அலுப்பான வேலை என்பதால் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

மாலை உணவில் அப்பத்துக்கே என் வாக்கு. அரிசிமாவைப் புளிக்கவைத்துத் தேங்காய்ப்பால் சேர்த்து ஊற்றும் வெறும் அப்பம், நடுவில் கெட்டித் தேங்காய்ப்பால் விட்ட பாலப்பம், இரண்டிலும் தடையில்லை; முட்டையப்பத்தை ஊற்றும் அதே தாச்சியில் ஊற்ற வேண்டாமென்று சொல்ல மனம் வந்தால் சொல்லலாம், நான் அவ்வளவு தூரம் போவதில்லை. கட்டைச்சம்பலைத் தள்ளிவிட்டு வீட்டிலிருந்து சிறிய போத்தலில் மாமி தந்துவிட்ட மாசியில்லாச் சம்பலோடு சாப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர் அதில் கொஞ்சம் கேட்டு வாங்கினார். காலிமுகத்திடலின் மாலைக் கடைகளில் முன்வரிசையில் சிவந்து நிற்பது இறால் பதித்த இஸ்ஸோ வடை. பருப்பு வடை தனியாக இருந்தாலும் இரண்டும் ஒரே எண்ணெயில் பொரிவதைப் பார்த்தபின் வாங்கத் தோன்றவில்லை. கொத்துரொட்டியை மரக்கறியில் முட்டையில்லாமல் கேட்டால் போட்டுத் தருவார்கள். ரொட்டி மாவில் மாஜரீன் சேர்ந்திருக்கிறதா என்பது கடைக்குக் கடை மாறும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் போகிறவர்கள் பிற்பகல் இடிமழையைக் கணக்கில் எடுத்து நாலு மணிக்குள் கூரைக்கு வந்துவிடுவது நல்லது. முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் மாலை ஓட்டத்துக்குப் புறப்பட வேண்டாம்.

யாழ்ப்பாணம் திரும்பும் இரவு பஸ்கள் வெள்ளவத்தையிலிருந்தே புறப்படுகின்றன. நடுச்சாமத்தில் அவை நிற்கும் சாப்பாட்டுக் கடைகளில் முட்டை ரொட்டியும் மீன் பணிஸும்தான் எஞ்சியிருக்கும். அதனால் ஏறுவதற்கு முன்பே வெள்ளவத்தைச் சைவக்கடை ஒன்றில் இடியப்பப் பொதி கட்டிக்கொள்ளுங்கள். சொதியைத் தனிப் பையில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் புத்தளம் வருவதற்குள் அது உங்கள் மடியில் இருக்கும்.